குனிபெர்ட்டின் மூக்கும் நுப்பெல் என்பவனும்

1907 பிப்ரவரி 11, ரோஜாத் திங்கள். அன்று காலை கொலோன் நகரில் கார்னிவல் ஊர்வலத்துக்காக மூக்கைச் சிவப்பாக்கிக்கொண்டவர்கள் பல ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். அத்தனை பேரிலும் சாயம் மூக்கின் மேலே இல்லாமல் மூக்கின் தோலுக்கு உள்ளே இருந்த ஒரே ஆள் குனிபெர்ட் உல்ராத்.

அவருக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. லிண்டன் தெருவில் இருந்த நோய்க்கூறு ஆய்வுக்கூடத்தில் பிராணிகளைப் பார்த்துக்கொள்பவர். முயல்களுக்குத் தீனி போடுவது, கூண்டு கழுவுவது, டாக்டர் ஊசி போடும்போது முயலை அசையாமல் பிடித்துக்கொள்வது, இவ்வளவுதான் வேலை. வேலையோடு ஒட்டிக்கொண்டு, அதே கட்டடத்தின் அடித்தளத்தில் இரண்டு அறை வீடும் கிடைத்திருந்தது. அந்த வீட்டு ஜன்னல் தெரு மட்டத்தில் இருந்ததால், வெளியே பார்த்தால் போகிறவர் வருகிறவரின் பூட்ஸ் மட்டும்தான் தெரியும். அவர் மனைவி லோனி பூட்ஸை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். வேலை போனால் வீடும் போகும். இது இருவருக்கும் தெரியும். லோனிக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும்.

வேலை எளிது என்றாலும் அந்தக் குளிர்காலம் எளிதாக இல்லை. முந்தைய இலையுதிர்காலத்தில் ஒரு விஞ்ஞானி கட்டுரை எழுதியிருந்தார். துணிக்கும் கொழுப்புக்கும் நிறமேற்றும் ஒரு சிவப்புச் சாயத்தை ஆலிவ் எண்ணெயில் கரைத்து முயலின் காதுத் தோலுக்குள் ஊசியால் ஏற்றினால், அங்கே இருக்கிற தோல் செல்கள் கட்டுமீறி வளர்கின்றன என்று. அதைப் படித்த நாள் முதல் ஜெர்மனியில் முயல்களுக்கு நல்ல காலம் முடிந்தது. குனிபெர்ட்டின் மேலதிகாரி பேராசிரியர் ரோஸ்டெக்கும் ஒரு வண்டி முயல் வரவழைத்தார். ரோஸ்டெக் கிழக்கே கூனிக்ஸ்பெர்க்கிலிருந்து வந்தவர். பிரஷ்யர், புராட்டஸ்டண்ட், பேசினால் அச்சடித்த மாதிரி இருக்கும். கொலோனுக்கு வந்து ஓராண்டு ஆகியும் இந்த ஊர்ப் பேச்சில் பாதி அவருக்குப் புரியாது. மீதிப் பாதியை அவர் ஒப்புக்கொள்வதில்லை.

ஜனவரிக் கடைசியில் ஊசிகள் தொடங்கின. கார்னிவலுக்கு முன்பே ஏதாவது தெரியும் என்று எதிர்பார்த்துப் பேராசிரியர் தினமும் முயல்களின் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. காது சிவந்திருந்தது, அவ்வளவுதான். உதவியாளர் டாக்டர் ப்ராயர், இவர் உள்ளூர்க்காரர், குனிபெர்ட்டிடம் சொன்னார்: "ஒண்ணும் ஆகாது போல இருக்குண்ணே. காதுக்குச் சாயம் பூசினதுதான் மிச்சம்."

இந்த ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஏனென்றால் குனிபெர்ட்டுக்கு ஒரு பெருமை இருந்தது. அவர் வட்டாரத்திலிருந்து வருடாவருடம் ஊர்வலத்தில் ஒரு கூட்டம் நடந்துபோகும். பெயர் மூக்குக்காரர் சங்கம். எல்லோருக்கும் சிவப்பு மூக்கு. முன்னால் போகிறவருக்கு எல்லாரையும் விடச் சிவப்பான மூக்கு. முன்னால் போவது குனிபெர்ட். போன வருடம் கதீட்ரலை நெருங்கும்போது மழை கொட்டியது. பன்றிக்கொழுப்பில் குழைத்த பீட்ரூட் சாயம் மீசை வழியே வழிந்து சட்டைக் கழுத்தில் இறங்கிவிட்டது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த டாய்ட்ஸ்காரர்கள், "மூக்கு எங்கடா? வீட்டுல வச்சிட்டு வந்துட்டியா?" என்று பத்தடிக்கு ஒரு தரம் கூவினார்கள். அந்தக் கூவல் ஒரு வருடமாக அவர் காதில் இருந்தது.

திருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமை குனிபெர்ட் ஒரு சிறிய மருந்துப் புட்டியோடு ஷெங்கின் முடிதிருத்தும் கடைக்குப் போனார். ஷெங் முன்பு ரைன் ஆற்றுச் சரக்குப் படகில் வேலை பார்த்தவன். படகுக்காரர்களின் கையில் நங்கூரமும் இதயமும் பச்சை குத்தியே பழகிய கை.

"இது என்னடா, ஒயினா?" என்றான் ஷெங், புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து.

"வாயில வச்சிடாத. ஆய்வுக்கூடத்துச் சாயம். துணியில பட்டாக்கூடப் போகாது. மழைக்கெல்லாம் அசையாது."

"அப்ப பூசிக்க. என்கிட்ட எதுக்கு வந்த?"

"எண்ணெய்டா. பூசினா வழுக்கும். உள்ள போகணும். முயல் காதுல டாக்டர் பண்ற மாதிரி."

ஷெங் சாயத்தைப் பார்த்தான், குனிபெர்ட்டின் மூக்கைப் பார்த்தான், பிறகு சோப்பு நுரையைக் கையிலிருந்து துடைத்துக்கொண்டான். "நான் கைல குத்தியிருக்கேன், நெஞ்சுல குத்தியிருக்கேன். ஒருத்தனுக்குச் சொல்லக்கூடாத இடத்துல கப்பலே குத்தியிருக்கேன். மூக்குல இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. முயலுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"டாக்டரே சொல்றார், ஒண்ணும் ஆகலைன்னு."

"முயல் சொல்லுச்சா?"

"குத்துடா."

குத்தினான். குனிபெர்ட்டின் கண்ணிலிருந்து அவரைக் கேட்காமலே தண்ணீர் வந்தது. ஷெங் அவ்வப்போது நிறுத்தி, ஓவியர் மாதிரி பின்னால் போய் நின்று பார்த்தான். முடித்ததும் கண்ணாடியைக் கொடுத்தான். சரியாக நுனியில், ஒரு செர்ரிப் பழம் உட்கார்ந்திருந்தது.

ரோஜாத் திங்களன்று மழை பெய்தது. பீட்ரூட் மூக்குகள் எல்லாம் வழிந்தன. குனிபெர்ட்டின் மூக்கு மட்டும் கதீட்ரலுக்கு முன்னால் போகும்போது விளக்கு மாதிரி எரிந்தது. டாய்ட்ஸ்காரன் ஒருவன் ஓடிவந்து கைக்குட்டையால் அதைத் தேய்த்துப் பார்த்தான். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. "அலாஃப்!" என்று கொலோனின் கார்னிவல் முழக்கத்தைக் கூட்டம் கத்தியது. அவன் தொப்பியைக் கழற்றி வணங்கினான். அக்கரைக்காரன் தொப்பி கழற்றியதைக் குனிபெர்ட் அன்று மாலை பீர்க்கடையில் எத்தனை முறை சொன்னார் என்று அங்கே இருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அவர்களுக்கும் நினைவிருக்காது.

சாம்பல் புதனன்று தேவாலயத்தில் மண்டியிட்டபோது, நெற்றியில் சாம்பல் சிலுவை போட வந்த பாதிரியாரின் கட்டைவிரல் ஒரு நொடி நின்றது. அவர் மூக்கைப் பார்த்தார். "திருவிழா முடிஞ்சிடுச்சு, மகனே" என்றார் மெல்ல.

"எனக்குத் தெரியுது ஃபாதர். இதுக்குத்தான் தெரியல."

வீட்டுக்கு வந்து சோப்பு, மணல், சாராயம் எல்லாம் போட்டுத் தேய்த்தார். லோனி கை கட்டி நின்று பார்த்தாள். "விடுய்யா. எதுக்குத் தேய்ச்சுக்கிட்டு? தெருவிளக்கு அணைஞ்சா உன்னைக் கொண்டுபோய் நிறுத்திக்கலாம்."

"ரெண்டு வாரத்துல போயிடும்."

"ஷெங் குத்தின நங்கூரத்தோட புதைச்ச ஆளுங்க இந்த ஊர்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு கணக்குப் பாத்தியா?"

ஒரு கம்பளித் துணியை மூக்கோடு சேர்த்து முகத்தில் சுற்றிக்கொண்டு, ஜலதோஷம் என்று சொல்லிக்கொள்ள முடிவு செய்து மாடிக்குப் போனார். திருவிழா நாள்களில் முயல்களுக்குத் தீனி போட்டது லோனி. அவள் முயலின் காதைப் பார்க்கிறவள் அல்ல, தொடையைப் பார்க்கிறவள். ஆகவே கூண்டறையில் அன்று என்ன இருந்தது என்பதை முதலில் கண்டவர் பேராசிரியர்தான்.

ரோஸ்டெக் கூண்டுகளுக்கு நடுவே ஏறக்குறைய நடனமாடிக்கொண்டிருந்தார். பிரஷ்யர் நடனமாடுவது என்றால் ஒரு கையை மட்டும் அசைப்பது. "உல்ராத்! வாரும்! பாரும்!"

காதுகள் வீங்கியிருந்தன. ஊசி ஏறிய இடத்தில் தோல் தடித்து, செதில் செதிலாக, சிலவற்றில் சிறு கொம்பு மாதிரி முளைத்திருந்தது. டாக்டர் ப்ராயர் ஏற்கெனவே ஒரு முயலின் காதை அறுத்து, மெல்லிய சீவலாக்கி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்திருந்தார்.

"மேல்தோலின் செல்கள் தம் எல்லையைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டன," என்றார் பேராசிரியர். "வேர் விடுவதுபோல. சாயத்தை நோக்கி! புற்றுநோயைப் போலவே இருக்கிறது. புற்றுநோயா இல்லையா என்பதுதான் இனி நாம் அறிய வேண்டியது. இது நிற்குமா, மேலும் வளருமா?"

கம்பளித் துணிக்குள் குனிபெர்ட்டின் மூக்கு அரித்தது. அதுவரை அரிக்கவில்லை என்று அவர் பின்னாளில் சத்தியம் செய்வார். அந்த வாக்கியம் முடிந்ததும் அரித்தது.

"எவ்வளவு... எவ்வளவு வளரும்ங்க ஐயா?"

"அதுதானே கேள்வி!" என்றார் பேராசிரியர், மகிழ்ச்சியோடு.

பிறகுதான் அவர் அலமாரியிலிருந்து சாயப் புட்டியை எடுத்தார். சாயத்தை வீணாக்கக் கூடாது என்று அவரே பென்சிலால் அதில் கோடு போட்டு வைத்திருந்தார். எண்ணெய் கோட்டுக்குக் கீழே இருந்தது.

"இதிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். யார்?"

இங்கே கொலோன்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் ஜாடி உடைந்தால், கதவு திறந்து கிடந்தால், கேக்கில் ஒரு துண்டு காணாமல் போனால், யார் செய்தது என்று கேட்டால் "நுப்பெல்" என்பார்கள். நுப்பெல் என்று ஆள் கிடையாது. சொல்ல விருப்பமில்லை, அல்லது தெரியாது, அல்லது உனக்கெதற்கு என்று அர்த்தம். மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஆகவே குனிபெர்ட் பொய் சொல்லத் திட்டமிடவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"நுப்பெலா இருக்கும்ங்க ஐயா."

பேராசிரியர் நிமிர்ந்தார். "நுப்பெல். முதல் பெயர் என்ன?"

குனிபெர்ட் ப்ராயரைப் பார்த்தார். ப்ராயர் நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் மட்டும் குலுங்கின.

"அது தெரியாதுங்க. எல்லாரும் நுப்பெல்னுதான் கூப்பிடுவாங்க."

"டாக்டர் ப்ராயர், உமக்கு இந்த மனிதனைத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா சார்," என்றார் ப்ராயர், முகத்தை எடுக்காமல். "எங்க வீட்டுல அம்மாவோட கண்ணாடி ஜாடிய உடைச்சதே அவன்தான்."

"அப்படியென்றால் பழைய குற்றவாளி," என்றார் பேராசிரியர். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவர் விசாரித்த முறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மீன்காரி ஒருத்தியிடம் கேட்டார். "நுப்பெலா? என் ஹெர்ரிங் மீன் பீப்பாயைத் திறந்து போட்டுட்டுப் போனவன் அவன்தான்! பாத்தீங்கன்னா என் பேரச் சொல்லி ரெண்டு அறை விடுங்க." டிராம் நடத்துநரிடம், அவன் எங்கே இருப்பான் என்று கேட்டார். "இந்நேரம் நுப்பெல் வீட்டுலதான் இருப்பான்." அந்த வீடு எங்கே? "அங்கதான், நுப்பெல் இருக்கிற தெருவுல." தெருமுனைப் போலீஸ்காரர் விறைப்பாக நின்று பதில் சொன்னார்: "எங்க கைல இதுவரைக்கும் சிக்கலீங்க ஐயா. ஆனா இந்த ஊர்ல நடக்கிற குத்தத்துல பாதி அவன் பண்றதுதான்."

பேராசிரியர் மாலையில் வியப்போடு திரும்பினார். கேட்ட ஒவ்வொருவருக்கும் அவனைத் தெரிந்திருந்தது. ஒருவருடைய பேச்சுகூட மற்றவருடையதற்கு முரணாக இல்லை. சாட்சியம் இவ்வளவு ஒத்துப்போவதை அவர் கூனிக்ஸ்பெர்க்கில்கூடப் பார்த்ததில்லை.

அடுத்து வந்த வாரங்களில் ஊர்ப் பேச்சில் நுப்பெலுக்கு வயதும் உயரமும் ஏறின. குனிபெர்ட்டுக்கு மூக்கு ஏறியது. வீக்கம் முதலில் பட்டாணி அளவு இருந்தது. பிறகு அதன்மேல் செதில் கட்டியது. அவர் காலையில் எழுந்ததும் லோனியின் தையல் நாடாவை எடுத்து அளந்துகொள்வார். நாடாவை இழுத்துப் பிடித்தால் குறைவாகவும் தளர்த்திப் பிடித்தால் அதிகமாகவும் வந்தது. அவர் இழுத்தே பிடித்தார்.

"நாடாவ அறுத்துடாதய்யா," என்றாள் லோனி. "டாக்டர் தம்பிகிட்டப் போய்க் கேளேன்."

"கேட்டா சாயத்தைத் திருடினது தெரிஞ்சிடும். புரொபசர் என்னைத் தூக்கிடுவார். இந்த வீடு?"

"வீடு இருந்து மூக்கு வாசப்படியில இடிச்சா?"

கிண்டல் செய்துவிட்டு அடுப்படிக்குப் போன லோனி, அங்கே ஒரு பாத்திரத்தையே வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரு தையற்காரியின் உதட்டில் வந்த சிறு கட்டி எப்படி முடிந்தது என்பது அவளுக்கு நினைவிருந்தது. அதை அவள் சொல்லவில்லை. சொல்லாததைக் குனிபெர்ட்டும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. கூண்டு கழுவிக்கொண்டே, எதற்கோ கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்: "ஐயா, ஒருவேளை அந்த நுப்பெல் சாயத்தைத் தனக்கே குத்திக்கிட்டிருந்தா?"

பேராசிரியரின் கையிலிருந்த ஊசி நின்றது. "குத்திக்கொண்டானா? உமக்கு எப்படித் தெரியும்?"

"ஊர்ல பேசிக்கிறாங்க."

"எங்கே குத்திக்கொண்டான்?"

"மூக்குல."

"மனிதனில்!" என்றார் ரோஸ்டெக். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "உல்ராத், உலகத்தில் யாரும் இதைப் பார்த்ததில்லை. நான் அவனைத் தண்டிக்க மாட்டேன். அவனுக்கு நாற்காலி போடுவேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு சிறு துண்டு."

"எதுலருந்துங்க துண்டு?"

"மூக்கிலிருந்துதான். இவ்வளவு ஆழம் போதும்." தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். பேராசிரியரின் நகம் பெரியது.

குனிபெர்ட் கம்பளித் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். "பாத்தா சொல்றேங்க," என்றார்.

"உமக்கு இந்த ஜலதோஷம் எப்போது போகும்?" என்று பேராசிரியர் கேட்டார். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "அது ஜலதோஷம் அல்ல என்று எனக்குத் தெரியும், உல்ராத். நான் குருடன் அல்ல. துணி விலகும்போது பார்த்திருக்கிறேன். சாராயத்தை விடும்."

இப்படியாக, ஊரெல்லாம் தேடுகிற மூக்கு தினமும் இரண்டு அடி தூரத்தில் முயலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

இனி அவருக்கு இருந்த ஒரே துணை கார்டினால். அது சாம்பல் நிற ஆண் முயல். அதன் சிவந்த இடது காது கார்டினால் பாதிரியார்களின் சிவப்புத் தொப்பி மாதிரி இருந்ததால் அந்தப் பெயர் வைத்திருந்தார். மற்ற முயல்களுக்கு ஊசி திரும்பத் திரும்பப் போட்டார்கள். இதற்கு மட்டும் ஒரே ஒரு தரம், திருவிழாவுக்குச் சற்று முன்பு. அதாவது குனிபெர்ட்டுக்குப் போட்ட அதே சமயத்தில், அதே அளவு. அதன் காது எந்த வழி போகிறதோ, தன் மூக்கும் அந்த வழிதான் போகும் என்று அவர் முடிவுகட்டினார். காலையில் நாடாவைக் காதுக்கும் வைத்தார், மூக்குக்கும் வைத்தார். நல்ல முட்டைக்கோஸ் இலை எல்லாம் கார்டினாலுக்குப் போயிற்று. "நல்லா இருடா ராசா," என்று அதன் நல்ல காதில் சொல்லிவிட்டுத்தான் மற்ற கூண்டுகளைத் திறப்பார். மார்ச் மாதத்தில் ஒருநாள் காதின் செதில் ஓரத்தில் கொஞ்சம் உரிந்திருந்தது. உள்ளே தோல் மெல்லியதாக, இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. வீக்கம் இறங்குகிறதா, வேறெங்காவது இறங்கப் போகிறதா என்று சொல்ல முடியவில்லை. இன்னும் சில வாரம் பார்த்தால் தெரியும்.

அன்று பத்து மணிக்குப் பேராசிரியர் கத்தியோடு வந்தார்.

"கார்டினாலை எடும், உல்ராத். ஒற்றை ஊசி என்ன செய்தது என்பதை இன்று வெட்டிப் பார்த்துவிடலாம்."

குனிபெர்ட் கூண்டைத் திறந்து கார்டினாலைத் தூக்கினார். மேசைவரை வந்தார். கொடுக்கவில்லை.

"உல்ராத்?"

"வேணாம்ங்க ஐயா."

"என்ன வேண்டாம்?"

"இன்னும் கொஞ்ச நாள் விடுங்க. இவன் காது குணமாகுதான்னு பாக்கணும்."

"ஆய்வின் போக்கை நீர் தீர்மானிக்கிறீரா?"

"செத்துப்போன முயல் காதுல, அது அப்புறம் குணமாகியிருக்குமான்னு தெரியுமாங்க? எனக்குத் தெரிஞ்சாகணும்." முயலை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறுகையால் கம்பளித் துணியை அவிழ்த்தார். "இவனுக்கு என்ன ஆகுதோ அதுதாங்க எனக்கும்."

பேராசிரியர் கிட்டே வந்தார். சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்தார். மூக்கை நேராகப் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், கார்டினாலின் காதைப் பார்த்தார், மறுபடி மூக்குக்கு வந்தார். கார்டினால் குனிபெர்ட்டின் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது.

"நுப்பெல்," என்றார் ரோஸ்டெக் மெதுவாக.

"நான்தாங்க ஐயா."

"உமது பெயர் நுப்பெலா?"

"இல்லீங்க. நுப்பெல்னு யாருமே இல்லீங்க."

டாக்டர் ப்ராயர் நுண்ணோக்கியிலிருந்து எழுந்தார். இனியும் மறைவதற்கு அதில் இடமில்லை. "அது இந்த ஊர்ல ஒரு பேச்சு சார். யாரோ ஒருத்தன்னு அர்த்தம்."

பேராசிரியர் உருப்பெருக்கியை மடக்கினார். "நான் போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன்," என்றார். "அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். டீனின் மனைவியிடம் விருந்தில் பேசினேன். அவனைத் தனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்றார்." உருப்பெருக்கியைச் சட்டைப் பையில் போட்டார். "மேசையில் இருந்த அனைவரும் தெரியும் என்றார்கள்."

யாரும் சிரிக்கவில்லை. ப்ராயருக்கு அது சுலபமாக இருந்திருக்காது.

"உல்ராத், நீர் ஆய்வுக்கூடத்தின் பொருளைத் திருடினீர். பிறகு பொய் சொன்னீர். உம்மை நான் வேலையிலிருந்து நீக்க வேண்டும்."

"தெரியும்ங்க."

அப்போது கதவருகே ஈரக் கையோடு லோனி நின்றிருந்தாள். கூண்டு கழுவ வெந்நீர் கொண்டுவந்தவள் எவ்வளவு கேட்டாள் என்பது தெரியவில்லை. தேவையான அளவு கேட்டிருந்தாள்.

"தாராளமா நீக்குங்க ஐயா," என்றாள். "நாளைக்கே சாமானக் கட்டிக்கிட்டு அக்கரைக்குப் போயிடறோம். டாய்ட்ஸுல என் தங்கச்சி வீடு இருக்கு."

"லோனி!" என்றார் குனிபெர்ட். டாய்ட்ஸ் என்ற பெயர் மூக்கை விட அதிகமாக வலித்தது.

"நீ சும்மா இருய்யா. போறப்ப மூக்கையும் கூட்டிட்டுத்தான் போவோம் ஐயா. அது இவர் மூஞ்சியிலதான குடியிருக்கு? இங்க அடித்தளத்துல இருந்தா நீங்க படி இறங்கி வந்து தினமும் பாத்துக்கலாம். அங்க போயிட்டா, நீங்க ஆத்தைத் தாண்டி வரணும். என் தங்கச்சி மூக்கைப் பாக்க யாரையும் உள்ள விடமாட்டா."

பேராசிரியர் அவளைப் பார்த்தார். கொலோன் பேச்சில் இதுவரை அவருக்கு முழுதாகப் புரிந்தது இதுதான் போலிருந்தது.

"ஒரு சிறு துண்டு," என்றார்.

"துண்டெல்லாம் கிடையாது. பாக்கலாம், அளக்கலாம், படம் வரைஞ்சுக்கலாம். முயலும் வெட்டுப்படாது."

"முயல் எதற்கு?"

"அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா இவர் தூங்கமாட்டார். இவர் தூங்கலைன்னா நான் தூங்க முடியாது."

ரோஸ்டெக் கத்தியை அதன் பெட்டியில் வைத்து மூடினார். பிறகு ஒரு நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, "உட்காரும்," என்றார். நுப்பெலுக்குத் தருவதாகச் சொன்ன நாற்காலி அதுதான்.

அதன்பின் திங்கள்தோறும் கூண்டறையில் இரண்டு பேரை அளந்தார்கள். முதலில் கார்டினால், அடுத்து குனிபெர்ட். லோனியின் நாடாவைப் பேராசிரியர் ஏற்கவில்லை. பித்தளை இடுக்கி அளவுகோல் வாங்கினார். அது இழுத்தாலும் தளர்த்தினாலும் ஒன்றே சொன்னது. ஈஸ்டருக்குள் கார்டினாலின் காதிலிருந்த செதில் முழுவதும் உதிர்ந்தது. அதற்கடுத்த வாரம், சாப்பாட்டு மேசையில், குனிபெர்ட்டின் மூக்கிலிருந்து ஒரு செதில் உரிந்து உருளைக்கிழங்கு சூப்பில் விழுந்தது. லோனி அதைக் கரண்டியால் எடுத்து, கழுவி, காகிதத்தில் மடித்து மாடிக்குக் கொண்டுபோனாள். கேட்ட துண்டு இதோ என்று கொடுத்தாள். பேராசிரியர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். அவள் கீழே வந்து, சூப் பானையை அடுப்பில் திரும்ப வைத்துவிட்டு, சமையல் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் அழுதாள். குனிபெர்ட்டின் மூக்கில் முத்தமிட்டாள். "அசிங்கமா இருக்கு," என்றாள்.

மேற்கொண்டு ஊசி போடாவிட்டால் வளர்ச்சி நின்று வடிந்துவிடுகிறது, ஆகவே இது புற்றுநோய் அல்ல, சாயம் தூண்டிவிட்ட வளர்ச்சி மட்டுமே என்று பேராசிரியர் முடிவுக்கு வந்தார். இலையுதிர்காலத்தில் அவர் கட்டுரை வெளிவந்தது. முயல்களைப் பற்றிப் பல பக்கம். ஓர் ஆணைப் பற்றி ஒரு பத்தி. அந்த ஆணின் பெயர் "கொலோனைச் சேர்ந்த ந." என்று இருந்தது. ஏன் உ. இல்லை என்று ப்ராயர் கேட்டதற்கு, நோயாளியின் அடையாளத்தை மறைக்க வேண்டும் என்றார் ரோஸ்டெக். முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. ஆனால் அந்த மாதம் அவர் அறையில் மைப்புட்டி உடைந்தபோது, யார் உடைத்தது என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

குனிபெர்ட்டின் மூக்கு நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தங்கிவிட்டது. கார்டினால் அடித்தள வீட்டு அடுப்படியில் கிழடாகிச் செத்தது. அதன் தொடையை லோனி கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்ததோடு சரி.

1908 மார்ச் 2, ரோஜாத் திங்கள். குனிபெர்ட் மூக்கில் பீட்ரூட் சாயம் பூசிக்கொண்டு சங்கத்துக்கு முன்னால் நடந்தார். கதீட்ரலை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.